பொட்டலம் தின்ற தம்பி

லாய் பி-யூனுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது. கையுறையைக் கழற்றி மேசைமேல் வைப்பாள், அவ்வளவுதான். அன்று காலை பட்டறையில் இரண்டு கையுறைகளும் மேசைக்குப் போய்விட்டன. எதிரே அவள் தம்பி செங்-யுவான் புது இயந்திரத்தின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றான்.

"மத்தியானம் மெஷின் கம்பெனி ஆள், ஷூங்கறவரு வர்றாரு அக்கா. நீ கையெழுத்துப் போட்டா போதும். ஆனா மெஷினை எறக்க பின்கொட்டகை காலியா இருக்கணும்."

"காலின்னா?"

"அந்தக் கெழட்டு பிளேனரைப் பழைய இரும்புக்குப் போட்டுடணும். வேற என்ன செய்யறது?"

தம்பி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது, எல்லாமே லேத் இயந்திரத்துக்கு அடிமேடையாக வரும் நீளமான வார்ப்பிரும்புப் பெட்டுகள். பட்டறையில் ஓடுகிற கம்ப்யூட்டர் இயந்திரத்தில் அந்த வார்ப்பை ஏற்றினால் இரண்டு பக்கமும் கால் தொங்கும். நீள வார்ப்பை இழைத்துத் தட்டையாக்க இருந்த ஒரே இயந்திரம் அந்த பிளேனர்தான். அதுவோ பெரிய பல்சக்கரம் உடைந்து, பல வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

ஆனால் அதை எந்தக் கம்பெனியிலும் வாங்கவில்லை. ஷென்காங் ஊரின் அந்த ஒரு தெருவே சேர்ந்து செய்தது. தெருமுனை ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி அதன் பெட்டை வார்த்தார்கள். எதிர்ப்பட்டறையில் பல்சக்கரம் வெட்டினார்கள். வார்த்த பெட்டை உடனே இழைக்காமல், பி-யூனின் அப்பா இரண்டு மழைக்காலம் வெளியிலேயே போட்டுவைத்தார். இரும்பு முறுக்கிக்கொள்வதெல்லாம் முறுக்கிக்கொண்டு தீரட்டும், அப்புறம் இழைத்தால் சாகிறவரை கோணாது என்பது அவர் கணக்கு. அதன்மேல் கோழிகள் ஏறி உட்கார்ந்தன. "லாய் வீட்ல இரும்புல கோழிக்கூண்டு கட்டறாங்க" என்று தெரு சிரித்தது. இழைத்து ஓடத் தொடங்கியபின் சிரித்தவர்களே தங்கள் வார்ப்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இருபது வயதிலிருந்து அதை ஓட்டியவள் பி-யூன்.

அது நின்றுபோனதற்குத் தெரு சொல்லும் காரணம் வேறு. அந்த ஊர்ப் பட்டறைகளில் ஓடுகிற இயந்திரம் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் தேங்காய் மணக்கும் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். பொட்டலத்தின் பெயருக்கே சமர்த்து என்றுதான் அர்த்தம்; அது இருந்தால் இயந்திரமும் முரண்டு பிடிக்காமல் சமர்த்தாக ஓடும் என்று நம்பிக்கை. பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. தேதி முடிவதற்குள் புதிதை வைத்துவிட்டு, எடுத்த பழையதைப் பங்கு போட்டுத் தின்னலாம். பதவியில் இருக்கும் பொட்டலத்தின்மேல் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. ராணுவப் பயிற்சியிலிருந்து விடுப்பில் வந்த செங்-யுவான், பசி தாங்காமல் பிளேனர் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டான். மறுநாள் பல்சக்கரம் பல் உதிர்த்தது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்துத் தெரு பேசியது. அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே பொட்டலம். கோபம் வந்தால் அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

"உனக்கு அந்த மெஷின் கண்ணுலயே படக்கூடாது. அதானே விஷயம்?" என்றாள் பி-யூன்.

"அப்படியே வெச்சுக்கோ. நீ மட்டும் என்ன, தெனமும் போய்க் கொஞ்சிட்டா வர்ற?"

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. ஓடாத இயந்திரத்தைப் பார்க்க மனம் வராமல் அவள் பின்கொட்டகைக்கு எட்டிப் பார்த்ததே இல்லை. தன் கையால் வளர்ந்த ஒன்றைத் தானே அழுகவிட்டோம் என்ற உறுத்தல் அவளுக்கு இருந்தது.

"சரி, வா. தொறந்து பாப்போம்," என்றாள். "பெட்டைத் துரு தின்னிருந்தா நானே கையெழுத்துப் போடறேன், அப்புறம் மூச்சு விடமாட்டேன். நல்லா இருந்தா சக்கரம் வெட்டி ஓட்டறோம்."

"அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு? வேணாம்க்கா," என்றான் அவன். வாதாடுகிறவன் குரல் மாதிரி அது இல்லை. அவள் காதில் வாங்காமல் நடந்தாள்.

கிரேன் ஓட்டும் ஆ-பியாவ் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டுத் தார்ப்பாயை இழுத்தான். இரண்டு தூண்களும் பெயின்ட் உரிந்து செம்பழுப்பாக நின்றன. உடைந்த சக்கரம் பொக்கை வாயைக் காட்டியது. போச்சு என்று பி-யூன் நினைத்துக்கொண்டாள்.

"முதலாளியம்மா, இங்க வந்து பாருங்க."

ஆ-பியாவ் ஸ்விட்ச் பெட்டிமேல் கையைக் காட்டினான். அங்கே ஒரு பச்சைப் பொட்டலம் இருந்தது. மேலே துளி தூசி இல்லை. எடுத்துத் தேதியைப் பார்த்தவன் புருவத்தை உயர்த்தினான்.

"இன்னும் தேதியே முடியலங்க. இந்தப் புத்தாண்டுக்கு வெச்சது."

"யாரு வெச்சது? நீயா?"

"நான் எதுக்கு வெக்கறேன்? செத்த மெஷினுக்கு யாராவது வெப்பாங்களா?"

செங்-யுவான் கூரையில் ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன.

பி-யூன் பெட்டின்மேல் இருந்த இன்னொரு துணியை விலக்கினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கிரீஸ் தடிமனாகப் பூசியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி வழித்தாள். அடியில் இரும்பு பளபளவென்று வெளியே வந்தது.

"எத்தனை வருஷமாடா?"

"எல்லா மெஷினுக்கும் வருஷா வருஷம் பொட்டலம் வாங்கறது நான்தானே. ஒண்ணு சேத்து வாங்குவேன். சொன்னா சிரிப்பீங்க."

"கிரீஸ்?"

"பொட்டலத்தை மட்டும் வெச்சுட்டுத் திரும்பறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குடா பழைய இரும்புக்குப் போடலாம்னு குதிச்ச?"

"நீதான் இந்தப் பக்கமே வர்றதில்லையே. இனிமே அதை ஓட்ட ஆளில்லன்னு நெனச்சேன். நான் மட்டும் வந்து மன்னிப்புக் கேட்டுட்டிருந்தா அது எத்தனை நாள் கெடக்கும்? உருக்கினா வேற எதுவாவது ஆகுமேன்னு தோணுச்சு."

பி-யூன் பெருமைப்பட்ட இயந்திரம் அவளால் பிழைக்கவில்லை. ஊரெல்லாம் கேலி செய்த இந்தப் பயலால் பிழைத்திருக்கிறது. அவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு பெருமை அதற்குமுன் வந்ததே இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல், "நீல மையை எடுத்துட்டு வா" என்றாள்.

கிரீஸைத் துடைத்தார்கள். நேர்கோலில் நீல மையைத் தடவிப் பெட்டின்மேல் வைத்துத் தேய்த்தார்கள். பெட் கோணியிருந்தால் மை திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும். இங்கே முழுக்கச் சீராக ஒட்டியது. நடுவில் மட்டும், பழைய தேய்மானத்தால், கொஞ்சம் வெளிறித் தெரிந்தது.

"கையால சுரண்டியே சரி பண்ணிடலாம்," என்றான் ஆ-பியாவ். "இது அசையவே இல்லீங்க."

"அதோட பிடிவாதமெல்லாம் கோழி உக்காந்தப்பவே தீந்துபோச்சு," என்றாள் பி-யூன்.

மத்தியானம் ஷூ வந்தார். அவருக்குத் தேநீர் கொடுத்து, படத்தை மடித்துக் கையில் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. எங்ககிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

அவர் பின்கொட்டகைக்கு வந்து பெட்டின் நீளத்துக்கு ஒருமுறை நடந்தார். குனிந்து கம்பெனிப் பெயர்த் தகட்டைத் தேடினார். "எந்தக் கம்பெனி மேடம்?"

"இந்தத் தெரு," என்றாள் அவள்.

சக்கரம் அதே எதிர்ப்பட்டறையில்தான் வெட்டி வந்தது. முதல் வார்ப்பை ஏற்றிய அன்று தெருவே வந்து கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றது. பி-யூன் லீவரைத் தள்ளினாள். வார்ப்பைத் தாங்கிய இயந்திரத்தின் மேசை மெதுவாக நகர்ந்து, உளி இரும்பில் பட்டு, சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. முனைவரை போய்த் திரும்பியதும் நிறுத்திவிட்டு நேர்கோலை வைத்துப் பார்த்தாள். அதற்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் நுழைய இடமில்லை. நிமிர்ந்து, கண்ணைத் துடைக்காமல் தெருவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஓட்டத் தொடங்குமுன்பே ஸ்விட்ச் பெட்டிமேல் புதுப் பொட்டலம் வைத்தாயிற்று. பழையதை ஆ-பியாவ் பிரித்து நீட்டினான். எல்லாரும் ஆளுக்கொரு கை எடுத்தார்கள். செங்-யுவான் மட்டும் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

பி-யூன் ஒரு கை அள்ளிக்கொண்டு போய், ஊர் பார்க்க, அவன் வாயில் போட்டாள்.

"தின்னு. இது உனக்குச் சேர வேண்டியது."

அவனால் மெல்ல முடியவில்லை. கண் கலங்கி நின்றவனைப் பார்த்துத் தெருமுனை ஃபவுண்டரிக்காரர் கத்தினார்: "டேய் பொட்டலம், எங்க வார்ப்பு எப்போ ஏத்தறீங்க?"

இன்றைக்கும் தெரு அவனைப் பொட்டலம் என்றுதான் கூப்பிடுகிறது. முன்பெல்லாம் அந்தப் பெயர் காதில் விழுந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவான். இப்போது நின்று, "என்ன வேணும்?" என்று கேட்கிறான்.