ஏழு ஒட்டுப் போட்ட கையுறை

மூன்றாவது மஞ்சள் பையின் வாயைத் திருகி ஒரு முடிச்சுப் போட்டார் டெய்லர். அதன்மேல் இன்னொரு முடிச்சு. தொற்று வந்த வீட்டுக் குப்பைக்கு அதுதான் விதி. அந்த விதியைத் தெருத்தெருவாகப் போய்த் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவள் அவர் மனைவி. முந்தாநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பத்தடி தள்ளி நிற்கவைத்து, ஜிப் வைத்த உறையைக் காட்டினார்கள். ஜிப் பாதியில் சிக்கியிருந்தது. சரிசெய்கிறேன் என்று இவர் ஓரடி முன்னால் வைத்ததற்கு அதட்டினார்கள். அவள் படுத்த பாயும் தலையணையும் குடித்த டம்ளரும் இப்போது இந்தப் பைகளுக்குள் இருந்தன.

வீடு வீடாக மறுசுழற்சிக் குப்பை எடுப்பது அவள் வேலை. பதினொரு வருஷமாக ஒரே வட்டாரம். பால் கவரைக் கழுவாமல் போட்டால் வாசலிலேயே நிறுத்தித் திட்டுவாள் என்பதால் அந்தத் தெருக்களில் அவளுக்கு ‘டீச்சர்’ என்றே பேர். நோய் பரவத் தொடங்கியதும் மாடிகளில் நின்று அவளுக்குக் கை தட்டினார்கள். தட்டிவிட்டு உள்ளே போய், காய்ச்சலில் கிடந்தவர் மூக்குத் துடைத்த காகிதத்தையும் முகக்கவசத்தையும் பழைய பேப்பர் பைக்குள் அமுக்கிக் கட்டி வெளியே வைத்தார்கள். மஞ்சள் பை வைத்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமே. அவர்களுடைய மானம் காப்பாற்றப்பட்டது.

கலந்த பையைக் கிடங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையால் பொறுக்கினாள்.

"உனக்கென்ன தலையெழுத்தா? அப்படியே விட்டுட்டு வா" என்று டெய்லர் கத்தியிருக்கிறார்.

"விட்டா லோடு முழுக்க வீணாப்போகும். நீங்க கையுறையை மட்டும் தைச்சுக் குடுங்க" என்பாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. அவளுடைய மேற்பார்வையாளர். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"மனசைத் தேத்திக்குங்க. நல்ல உழைப்பாளி. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

டெய்லர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ‘பணியாளருக்கு வாரம் ஒரு ஜோடி கையுறை வழங்கப்பட்டது. சேதமடைந்த கையுறையைத் தாமே தைத்துப் பயன்படுத்தியது அவரது கவனக்குறைவு.’

"யாரோட கவனக்குறைவு?"

"அது சும்மா ஆபீஸ் பாஷைங்க. ஃபைலை மூடணும்ல."

"நாலு மாசத்துல நீங்க குடுத்தது ஒரே ஒரு ஜோடி."

"ரெஜிஸ்டர்ல அப்படி இல்லையே. நோய் வீட்லயே ஒட்டியிருக்கலாம், யாரு கண்டா."

"எனக்கு ரெண்டு தடவை டெஸ்ட் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லை."

மேற்பார்வையாளரின் கண் குழாயடிக்குப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவள் கழற்றி மாட்டிய ரப்பர் கையுறை அங்கே ஆணியில் தொங்கியது.

"அதையும் பையில போட்டுக் கட்டிடுங்க. விதின்னு ஒண்ணு இருக்கு. டீச்சர் இருந்தா அவங்களே சொல்லுவாங்க."

டெய்லருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவளையே சாட்சிக்குக் கூப்பிடுகிறான். ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, கையுறையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். ரப்பரின்மேல் ரெக்ஸின் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நிற நூலில்.

"கட்டைவிரல்ல பச்சை நூல். கடையெல்லாம் மூடச் சொன்ன வாரம் போட்டது. இந்த நீலம் அடுத்த மாசம். உள்ளங்கையில சிவப்பு, போன மாசம். மொத்தம் ஏழு ஒட்டு. வாரம் ஒரு ஜோடி கிடைச்சா எவனாவது ஒரே கையுறைக்கு ஏழு ஒட்டுப் போடுவானா?"

"தைச்சது நீங்கதானே? அதைத்தான் நானும் எழுதியிருக்கேன்."

டெய்லர் காகிதத்தை நாலாக மடித்து கேட்டின் கம்பியில் செருகினார்.

"கையெழுத்து கிடையாது. எங்க வேணா இந்தக் கையுறையைக் கொண்டுவந்து காட்டுவேன். நீங்க போகலாம்."

பைக் போன கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிக்கொண்டு குப்பை வண்டி வந்தது. அவளோடு ஆறு வருஷம் ஓடிய டிரைவர் இறங்கி வந்தான். பைகளின் முடிச்சைப் பார்த்தான்.

"ரெண்டு முடிச்சு. அக்கா மாதிரியே கட்டியிருக்கீங்க" என்றவன் கையுறையைப் பார்த்தான். "அது வரலையாண்ணே?"

"கழுவி வைக்கிறேன். நாளைக்குக் கேக்குறவங்களுக்குக் காட்டணும்."

"நானும் வந்து சொல்றேன். எனக்கும் அதே ஒரு ஜோடிதான்." டிரைவர் கையுறை போட்ட தன் வலது கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் மஞ்சள் நூல் தையல். "அக்கா உங்ககிட்ட குடுத்துத் தைச்சு வாங்கிட்டு வந்தாங்க. இன்னும் பிரியலை பாருங்க."

மூன்று பைகளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு அவன் போனான்.

டெய்லர் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தார். கையுறையை வெளிப்பக்கம் அலசினார். உள்ளேயும் போகட்டும் என்று மணிக்கட்டு வரை தண்ணீரை ரொப்பி, வாயை இறுக்கிப் பிடித்துத் தூக்கினார். ரப்பர் விரல்கள் உப்பி நின்றன.

ஒரு சொட்டு விழுந்தது. ஓட்டை எங்கே என்று திருப்பிப் பார்த்தார். ரெக்ஸின் நன்றாகத்தான் இருந்தது. அதன் ஓரத்தில், அவர் ஊசி இறங்கிய இடங்களில் எல்லாம் தண்ணீர் முத்துமுத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. பிரியவே கூடாது என்று வழக்கத்தைவிட நெருக்கமாகப் போட்ட தையல். பச்சையில், நீலத்தில், சிவப்பில், ஒரு துளையும் விடாமல்.

தண்ணீர் முழுக்க வடியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த தெருவில் குப்பை வண்டியின் விசில் கேட்டது. கையுறையை ஆணியில் மாட்டிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல், டெய்லர் கேட்டைத் திறந்துகொண்டு அந்தச் சத்தத்தைப் பார்த்து ஓடத் தொடங்கினார்.