ஒன்பது அங்குல மூடி

"என் வேலையத் திருடிட்டியேடி!"

"திருடலண்ணா. அவங்களாக் கூப்பிட்டுக் கொடுத்தாங்க."

"சட்டை தைக்கிறவளுக்கு இரும்பு உருக்குற எடத்துல என்னடி வேலை?"

அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டில் இப்படிக் குரல் ஏறினால் எனக்குச் சமையல் ஓடாது.

கத்தியவன் அண்ணன்காரன், தச்சன். எந்நேரமும் பையில் அளவுகோல் இருப்பதால் தெருவுக்கே அவன் 'அளவுகோல்'. மயிரிழை பிசகமாட்டேன் என்று மகா கர்வம். ஃபவுண்டரியில் மர அச்சு செய்ய ஆள் எடுக்கிறார்கள். அந்த அச்சை மணலில் பதித்து எடுத்து, விழுந்த குழியில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இருப்பது ஒரே இடம், நிரந்தர வேலை. அது தனக்குத்தான் என்று ஒரு மாதமாகச் சொல்லித் திரிந்தான்.

அன்று காலை தேர்வு. ஒன்பது அங்குலப் பம்பு மூடிக்கு அச்சு. வந்த பத்துப் பேரும் மிகச்சரியாக ஒன்பது அங்குலத்தில் செய்து வைத்தார்களாம். இவன் மறந்துவிட்டுப் போன உளியைக் கொடுக்கப் போன தங்கச்சிக்கு வேலை கிடைத்துவிட்டது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 

"அப்படி என்னம்மா செஞ்ச?" என்றார் அவர்கள் அப்பா.

"ஒண்ணும் செய்யலப்பா. கொதிக்கிற இரும்பு ஆறினா சுருங்காதா, அச்சு கொஞ்சம் பெருசா இருக்க வேணாமான்னு கேட்டேன். துணியே துவைச்சாச் சுருங்குதே, நான் கூட விட்டுத்தானே வெட்டுறேன்? 'மரம் செதுக்க நான் பழக்கிடுறேன், இந்தப் புத்தியப் பழக்க முடியாது'ன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

"அத என் காதுல சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" அவன் குரல் உடைந்தது.

"காதுலதாண்ணா சொன்னேன். 'துணியும் இரும்பும் ஒண்ணாடி? சுருங்குமாம், சுருங்கும்!'னு கூரை அதிரக் கத்துனது நீதானே? அதுலதான் மேஸ்திரி திரும்பிப் பாத்தாரு."

அளவுகோல் தன் அளவுகோலை எடுத்து மேசைமேல் வைத்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"கேள்வி கேக்காத பொண்ணாப் பாருங்கக்கா" என்று பிறகு என்னிடமே வந்தான். நானும் பார்த்தேன். அவன் கட்டிக்கொண்டதோ ஒரு கணக்கு டீச்சரை. மாமனார் ஊருக்கே போய்க் கதவு, ஜன்னல் செய்கிறான்.

தங்கச்சி மேஸ்திரி மகனைத்தான் கட்டுவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். என் மானத்தை வாங்கிவிட்டு, மணல் லாரிக்காரரைக் கட்டிக்கொண்டாள். இப்போது ஃபவுண்டரிக்கு எதிரிலேயே சொந்த அச்சுப்பட்டறை, மாடியில் குடித்தனம்.

அவள் போனதிலிருந்து, வேறு ஆளிடம் தைக்கிற என் சட்டை எதுவும் இரண்டாம் துவைப்புக்குப் பின் கை நுழைவதில்லை.