அச்சடித்த கடைசி வார்த்தை

ஷட்டரைத் தூக்கினான். பாதியில் அது வழக்கம்போல முரண்டு பிடித்தது. வழக்கம்போல முட்டியால் ஓர் இடி கொடுத்தான். விளக்கைப் போட்டான். ஃபிரேம் அடுக்கிய அலமாரியைத் துடைத்தான். வாங்க வருபவர்கள் முகம் பார்க்கும் ஆடியைத் துடைத்தான். அதில் தெரிந்த முகத்தைப் பற்றி அவனுக்குச் சொல்ல எதுவும் இல்லை. முன்மேசையில் போய் உட்கார்ந்தான்.

முன்மேசை அவன் மனைவியின் இடம். லென்ஸ் தேய்க்கும் உள்ளறை அவன் இடம். கல்யாணமும் மூக்குக்கண்ணாடிக் கடையும் அந்த ஏற்பாட்டில்தான் ஓடின. அவன் வெளியே தலைகாட்டினால் வியாபாரம் படுத்துவிடும் என்பாள். அவள் செத்த பிறகு அது நிரூபணம் ஆகிக்கொண்டிருந்தது.

அவள் யாரையும் புகழ்ந்து விற்றதில்லை. ஆசையாக எடுத்த ஃபிரேமை ஆள் கையிலிருந்தே பிடுங்கி, "இதப் போட்டா நீங்க பொய் சொல்ற மாதிரி இருக்குண்ணே" என்பாள். அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே வேறொன்று வாங்கிப் போவார். பிறகு மாமியாரையும் கூட்டி வருவார். போன வாரம் அதே உண்மையை அவன் ஒருவரிடம் சொன்னான். அவர் கடையையே மாற்றிக்கொண்டார்.

குடைக்கடைக்காரர் வந்தார். தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சாயங்காலம் கூட்டம், சிறு வியாபாரிகளின் வெற்றி என்று தலைப்பு. அவளுடைய கடைசி வார்த்தையை அட்டையில் போட்டு எல்லாக் கடையிலும் மாட்டப் போகிறார்களாம். அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்.

'வாடிக்கையாளரின் புன்னகையே எனது வருமானம்.'

"இத அவ சொல்லலையேண்ணே."

"சொல்லியிருப்பாங்கல்ல தம்பி?"

"மாட்டா."

"இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க."

அட்டையின் கீழே கடையின் பெயர் இருந்தது. மேடையேறி இதை வாசித்தால் போதும், விட்டுப்போன வாடிக்கையாளர்கள் திரும்பி வருவார்கள், எத்தனை நாள் ஈ ஓட்டுவாய் என்றார். கடையைக் காலி செய்ய அவன் யோசிப்பது தெருவுக்கே தெரியும். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான்.

சாயங்காலக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக, அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரையே பிடித்து வந்திருந்தார்கள். அவர் சேவையைப் பற்றிப் பேசினார். வாக்கியத்துக்கு ஒரு முறை, மூக்கில் வழுக்கிய கண்ணாடியை விரலால் மேலே தள்ளினார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றும் தள்ளிவிட்டுத்தான் சொன்னார். அதன்பின் அவன் அந்தப் பக்கம் போகவில்லை. அவரிடம் சேர்க்க வேண்டிய சேதி ஒன்று அவனிடமே தங்கிவிட்டது.

அவனைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றான். குடைக்கடைக்காரர் கண்ணாலேயே அட்டையைக் காட்டினார். அவன் அதைக் கவிழ்த்து மேசையில் வைத்தான். அடுத்த மாதம் கடை இருக்குமா என்று ஒரு முறை நினைத்தான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினான். முகத்தைக் கொஞ்சம் இளக்கிக்கொள்ளப் பார்த்தான், வந்தது அவ்வளவுதான்.

"அட்டைல இருக்கறத அவ சொல்லல" என்றான். "கடைசியா சொன்னது உங்களுக்கு, டாக்டர். நீங்க வார்டவிட்டு வெளிய போனதும் என்கிட்ட சொன்னா. நான்தான் வந்து சொல்லல."

குடைக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் கண்ணாடியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"'பாவம், டாக்டருக்குக் கண்ணாடி மூக்குல நிக்கல. கடைக்கு வரச் சொல்லு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம சொல்லு.'"