கில்தாரன் அபி

சரவணமுத்துவின் லாரி பாடி பட்டறைக்குப் பின்னால், காலி மனையில், புதிதாக நட்ட கம்பத்தில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. கொடிக்கம்பம் மாதிரி ஒற்றைக் கம்பம் இல்லை அது. உயரமான இரண்டு இரும்புக் குழாய்கள், ஆள் தலைக்கு மேலே அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டம், சட்டத்துக்குக் கீழே மட்டும் வலை. அயர்லாந்தில் வளரும் தங்கை மகள் அபிநயா அங்கே ஆடுகிற கெய்லிக் ஃபுட்பாலுக்குக் கோல்கம்பம் அப்படித்தான் இருக்கும் என்று போனில் படம் பார்த்து, வெல்டிங் பிள்ளைகளைக் கூட நிற்க வைத்துச் செய்தது. நீலமும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லியிருந்தார். அபிநயா இந்த வருஷம் சேர்ந்த டவுன் டீமின் நிறம். லாரி நெற்றியில் மயிலும் தாமரையும் வரைகிற மணிமாறன்தான் பெயிண்டர். கோடு பிசகாமல் அடித்திருந்தான்.

காரை விட்டு இறங்கியதும் அவளை நேரே அங்கேதான் கூட்டிப்போனார். பதினாறு வயசு, அம்மாவைவிட உயரம். உச்சி வரைக்கும் நிமிர்ந்து பார்த்தாள். நெம்ப நல்லாருக்குதுங்க மாமா என்றாள். அதற்குமேல் ஒரு எட்டு முன்னால் வைக்கவில்லை.

மணிமாறன் பிரஷ்ஷைத் துடைத்தபடி, "லண்டன் பாப்பா வந்தாச்சு. இனி கோல்தான்" என்றான்.

சரவணமுத்து சிரிக்கத் தயாராக நின்றார். இதற்கு வழக்கமாக ஒரு பதில் உண்டு. யாராவது லண்டன் பாப்பா என்றால் போதும், அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். லண்டன் வேற நாடு, எங்க நாடு வேற, அந்த லண்டன்காரங்க உங்களைப் புடிக்கறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே எங்களைப் புடிச்சு வெச்சிருந்தாங்க, எங்க பாஷையைக்கூடப் பேச உடலீங்க, எங்க ஆட்டத்தை நாங்க உடாம வெச்சிருக்கறதே அதுக்குத்தான் என்று, அம்மாவின் சமையலறையில் கற்ற தமிழில் ஏறு ஏறு என்று ஏறுவாள். நாமக்கல்லுப் பிள்ளை ஒன்று அந்தத் தேசத்தை 'எங்க' என்று சொல்லிச் சண்டைக்கு நிற்பதைப் பார்ப்பதற்காகவே பட்டறைப் பையன்கள் வேண்டுமென்றே வாயைக் கிளறுவார்கள். இந்தத் தடவை அவள் மணிமாறனைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் ஜூலை மாசத்தில் வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதுவரை டிசம்பரில் மட்டுமே வருவார்கள். ஆடி நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு வாங்களேன் என்று அவர் எத்தனை முறை கூப்பிட்டிருக்கிறார். அங்கே ஜூலை கோடை, அதுதான் ஆட்டக் காலம், அபி நகரமாட்டாள் என்பாள் தங்கை மைதிலி. இந்த வருஷம் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். வருகிறோம் என்று போன் வந்தபோது அவர் சந்தோஷப்பட்டாரே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

மைதிலி நர்ஸ் வேலைக்குப் போனபோது குடியிருக்க இடம் கிடைத்தது ஆஸ்பத்திரி இருந்த டவுனில் அல்ல, தள்ளி, கில்தாரன் என்ற சின்ன ஊரில். ஒரு சர்ச், ஒரு கடை, ஒரு மைதானம், மற்றதெல்லாம் புல்லும் மாடும். அபிநயா பிறந்ததும் நடந்ததும் அங்கேதான். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் டீமுக்குக் கோச் நோரீன் என்ற அம்மாள், மாட்டுப்பண்ணைக்காரி. மைதிலி டூட்டியில் இருக்கிற நாளெல்லாம் நோரீன்தான் தன் வண்டியில், தீவன மூட்டைகளுக்கு நடுவில் அபியை உட்கார வைத்து, மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவாள். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று அவள் போடும் சத்தத்தை வீடியோவில் சரவணமுத்துவே கேட்டிருக்கிறார். நம்ம அபிகிட்டக் குடு, நம்ம அபிகிட்டக் குடு என்றுதான் கத்துவாள் என்று மைதிலி தமிழில் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்குப் பல அபிப்பிராயங்கள் இருந்தன. கையிலும் பிடிக்கிறார்கள், காலிலும் உதைக்கிறார்கள், ஏதாவது ஒரு முடிவுக்கு வரக்கூடாதா என்பது ஒன்று. சட்டத்துக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட், கீழே வலைக்குள் போனால் மூன்று என்பதை ஒப்புக்கொள்ளவே அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஸ்டேடியம் கொள்ளாத ஜனம் பார்க்க ஆடுகிறவனுக்குக்கூடச் சம்பளம் கிடையாது, மறுநாள் காலையில் அவன் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தவோ பால் கறக்கவோ போய்விடுவான் என்றபோது, அப்புறம் எதுக்குச் சாமி மண்டைய ஒடைச்சுக்கறாங்க என்று கேட்டார். ஊருக்காகத்தானுங்க மாமா என்றாள் அபி. அவரவர் பிறந்த ஊருக்குத்தான் ஆடுவார்கள், ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த ஒரே ஊருக்குத்தான். அந்த விஷயத்தை அவர் காதில் வாங்கினாரே ஒழிய மனசில் வாங்கவில்லை.

காரணம், அவர் பார்த்து வளர்ந்தது கபடி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் ஊர் டீமை நடத்தியவர். பெரிய மேட்ச் என்றால் வெளியூரிலிருந்து இரண்டு பேரை இறக்குவது எல்லா டீமும் செய்வதுதான். ஜலகண்டாபுரத்துக் கந்தனை அப்படித்தான் இறக்கினார். ஜெயிக்கிற டீமுக்கு நல்ல ஆள் போவதும், நல்ல ஆளை ஜெயிக்கிற டீம் எடுப்பதும் உலக வழக்கம். ஆகவே போன வருஷம் மைதிலி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே டவுனில் வீடு வாங்கியதும், அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கில்தாரன் பைனலுக்குப் போவதும் தோற்பதுமாக இருந்தது. டவுன் டீம் கப்பு கப்பாக அடுக்கி வைத்திருந்தது. வீடு மாறியவர்கள் டீம் மாறலாம், விதி இடம் கொடுத்தது. மாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மைதிலி தயங்கினாள். அபி முடியாது என்றாள். அவர் ஞாயிறுதோறும் போன் போட்டார். பட்டிக்காட்டு டீம்ல கெடந்தா உன்ற திறமை மண்ணாப் போயிரும் சாமி, மாமன் நல்லதுக்குத்தான் சொல்றேன் என்றார். தாய்மாமன் வாக்கு. கடைசியில் பிள்ளை சரியென்றது.

பெயிண்ட் காய்ந்துவிட்டது. அபி கம்பத்தின் பக்கமே போகவில்லை. சாயங்காலமானால் மனையின் மறு ஓரத்தில் காம்பவுண்டுச் சுவரில் பந்தை உதைப்பாள், திரும்பி வருவதைக் கையில் பிடிப்பாள், மறுபடி உதைப்பாள். ஒருநாள் சரவணமுத்து சுவரோரம் கிடந்த டயரில் போய் உட்கார்ந்தார். டீமில் இடம் கொடுக்கவில்லையா என்று கேட்டார். கொடுத்தார்கள் என்றாள். ஏப்ரலில் கில்தாரனோடு மேட்ச் வந்தது. இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது பந்து இவளுக்கு வந்தது. வலைக்குள் அடித்தாள், மூன்று பாயிண்ட்.

"அப்பறமென்ன, நல்லதுதானே" என்றார்.

பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நோரீன் வந்து கை குடுத்தாங்க மாமா. நல்லா ஆடுனீங்கன்னு சொன்னாங்க. எதுத்தாப்ல ஆடுற எல்லாத்துக்கும் அதத்தான் சொல்லுவாங்க."

அவர் டயரில் நகர்ந்து இடம் விட்டார். அவள் நின்றபடியே சொன்னாள்.

"கில்தாரனுக்கு ஆடறப்ப பேப்பர்ல கில்தாரன் பொண்ணுன்னு போடுவாங்க. இப்ப அதே பேப்பர்ல இந்தியப் பொண்ணுன்னு போட்டாங்க. கில்தாரன் கடைக்காரர் எங்கம்மாகிட்டச் சொல்லிருக்கறார், நீங்க இந்த ஊருக்காரங்க இல்லியே, போறது சகஜந்தானேன்னு. திட்டோணும்னு சொல்லலீங்க. சமாதானமாத்தான் சொன்னாராம்."

அதற்குப் பிறகு அவள் டவுன் மைதானத்துக்கும் போகவில்லை. பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"உங்க டீமுக்கு வெளியூர்லிருந்து வந்து ஆடுவாரே கந்தண்ணன், அவர நோம்பிக்குக் கூப்புடுவீங்ளா மாமா?"

பட்டறை ஆபீஸ் சுவரில் கப்போடு எடுத்த டீம் போட்டோக்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்றிலும் கந்தன் இல்லை. போட்டோக்காரன் வந்து நின்றதும் அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தானாகவே ஒதுங்கிவிடுவான். போ என்று யாரும் சொன்னதில்லை. வா என்று சரவணமுத்து கூப்பிட்டதும் இல்லை. ஒரு வருஷம் பைனலில் அவன் பிடிபட்டுத் தோற்றபோது, கூலிக்கு வந்தவனுக்கு ஊரு மானமா பெருசு என்று அத்தனை பேர் முன்னால் சொன்னதும் அவர்தான். இல்ல சாமி, கூப்புட்டதில்ல என்றார். அவள் தலையை ஆட்டினாள். குற்றம் சொல்கிற பார்வையாக இருந்திருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம், அபி அவர் மனைவி சௌந்திரத்தோடு சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நோரீனுக்குப் போன் போடு என்று தங்கையிடம் சொன்னார். மைதிலிக்கு மனசில்லை. திரும்பிப் போக விதி இருக்குதுங்ணா, கேக்கறதுக்குத்தான் அவளுக்கு மூஞ்சி இல்ல என்றாள். அந்த மூஞ்சியக் கெடுத்தவன் நான், நான் கேக்கறேன் என்றார்.

போனில் முதலில் கேட்டது மாடு கத்துகிற சத்தம். அங்கே காலைக் கறவை. இந்தச் சத்தத்துக்கு மட்டும் பாஷை வேண்டியதில்லை என்று அவருக்கு ஒரு தைரியம் வந்தது. மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். மைதிலி இங்கிலீஷில் சொன்னாள். "புள்ள மேல தப்பில்லீங்கொ. அது மாட்டேன்னுதான் சொல்லுச்சு. நாந்தான் தூரத்துல உக்காந்துக்கிட்டு, ஆட்டமும் தெரியாம ஊரும் தெரியாம, வம்பா இழுத்து உட்டுட்டேன்."

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது. பிறகு நோரீன் பேசினாள். அங்கே மழை விடவே இல்லை, இங்கே எப்படி என்று விசாரித்தாள். போன ஞாயிறு ஆட்டம் சமனில் முடிந்ததாம். அபி நின்ற இடத்தில் இப்போது ஒரு சின்னப் பெண் நிற்கிறாள், பரவாயில்லாமல் ஆடுகிறாள் என்றாள். டீம் மாறுகிற தாள் வந்தால் கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபம் இல்லை, மைதானத்தில் இருக்கிற பிள்ளைகள் மனசுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதே என்றாள். கறவை பாக்கி இருக்கிறது என்று வைக்கும்போது, உங்க அபியை நல்லா வெயில் காயச் சொல்லுங்க என்றாள்.

'உங்க அபி'ன்னா சொன்னாங்க என்று கேட்டார் சரவணமுத்து. மைதிலி போனைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றாள்.

மணிமாறனைக் கூப்பிட்டுக் கம்பத்துப் பெயிண்டைச் சுரண்டச் சொன்னார். அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. சுரண்டி முடிக்க இரண்டு நாளாயிற்று. அவரும் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் உப்புத்தாள் போட்டார். நீலமும் வெள்ளையும் பொடியாக உதிர்ந்து செருப்பெல்லாம் படிந்தது.

"இனி என்ன கலருங்ணா? அந்தப் பழைய டீமு மஞ்சப் பச்சையா?" என்றான் மணிமாறன்.

அபி சுவரோரம் பந்தோடு நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"ரெட் ஆக்சைடு மட்டும் அடி. அதுக்கு மேல எதும் வேண்டாம், இப்போதைக்கு."

"அது துரு புடிக்காம இருக்க அடிக்கறதுங்ணா. கலரா அது?"

"தெரியும். அடி."

ஈரம் காயாத செங்காவியில் கம்பம் வெயிலில் நின்றது, இன்னும் பேர் எழுதாத லாரி பாடி மாதிரி. சரவணமுத்து கையைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது பின்னால் பந்து உதைபடுகிற சத்தம் கேட்டது. இந்த முறை சுவரில் படுகிற சத்தம் வரவில்லை. இரும்பு கிண்ணென்று அதிர்ந்தது. குறி வைத்து அடித்தாளா, குறி தப்பியதா என்று அவருக்குத் தெரியவில்லை. பந்து மண்ணில் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. வெள்ளைத் தோலில், உள்ளங்கை அகலத்துக்கு, சிவப்பு ஒட்டியிருந்தது.