வீட்டுக்கு வந்த தூசி

காலை ஏழரை மணிக்கு மூன்றாம் உலையின் மூடியை நெம்பித் திறந்தபோது லாயோஷ் போட்நாரின் புருவமயிர் கருகி நாறியது. உருக்குக் கலமான மூசைக்குள் உலோகம் வெள்ளையும் மஞ்சளுமாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. எட்டடி நீள இரும்புக் கரண்டியை உள்ளே விட்டு, மேலே மிதந்த கசடை வழித்து எடுத்தான். முகத்துக்கு நேரே நெருப்பு. முதுகுக்குப் பின்னால், உடைந்த கண்ணாடி வழியே ஏரியிலிருந்து வந்த ஜனவரிக் குளிர். முன்பக்கம் வேர்த்து வழிய, பின்பக்கம் விறைத்துப்போக, எட்டு மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும்.

எதிரே நின்ற லூசியஸ் சங்கிலியை இழுத்து மூசையைத் தூக்கினான். அமெரிக்காவின் தெற்கே அலபாமா பருத்திக்காட்டிலிருந்து இரண்டாம் உலக யுத்தத்தின்போது வடக்கே ஒஹையோவுக்கு வந்தவன். கறுப்பர்களுக்கு என்று அந்த ஆலையில் ஒதுக்கியிருந்தது உலோகத்தை அரைக்கும் தூள் அறையும் உலைமேடையும்தான். வாயில் இங்கிலீஷ் சரியாக நுழையாத லாயோஷ் மாதிரி ஹங்கேரிக்காரர்களுக்கும் அதே இடம்தான்.

தூள் எங்கும் இருந்தது. கைப்பிடியில், சாப்பாட்டு டப்பாவில், கண்ணிமையில். உதட்டை நக்கினால் இனிக்கும்.

"சம்பளம் குடுக்கறதோட சக்கரையும் சும்மா குடுக்கறான்யா முதலாளி," என்பான் லூசியஸ். மேடை முழுக்கச் சிரிக்கும்.

அவர்கள் வார்த்தது பெரிலியம். கையில் எடுத்தால் இரும்பு மாதிரி கனக்காது. அணு உலைக்குள் தறிகெட்டுப் பாயும் நியூட்ரான்களை இது நிதானப்படுத்தும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருந்தார்கள். யுத்தத்தை முடிக்கப்போகிற உலோகம் என்று முன்பு சொன்னார்கள். யுத்தம் முடிந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. இப்போது ஊருக்கெல்லாம் விளக்கெரிக்கப்போகிற உலோகம் என்கிறார்கள். லாயோஷுக்கு அதில் பெருமைதான்.

அந்தப் பெருமைக்குப் பாதிக் காரணம் ஹோல்ட். ஆராய்ச்சிக்கூடத்து உலோக விஞ்ஞானி, முப்பது வயசுக்காரன். மற்ற விஞ்ஞானிகள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கையில் அவன் மட்டும் மேடைக்கு ஏறி வருவான். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு சார், நிறம் வரல" என்று லாயோஷ் சொன்னால் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து, லாயோஷின் மனைவி இல்கா செய்த முட்டைக்கோஸ் கறியும் கசகசா ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

போன கோடையிலிருந்து இல்காவுக்கு இருமல். முதலில் வறட்டிருமல், பிறகு மூச்சுத் திணறல். மாடிப்படியில் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். கொழுகொழுவென்று இருந்தவள் குச்சியாகிப்போனாள். ஆலை டாக்டர் மார்பைப் படமெடுத்துப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார். சளியை மூன்று முறை சோதித்தும் கிருமி அகப்படவில்லை. அப்புறம் நரம்புத் தளர்ச்சி என்றார்.

அன்று சாப்பாட்டு வேளையில் ஆலைச் சலவைக்கூடத்தின் வாசலில், வெந்நீர்க் குழாய் ஓரமாய்க் குளிர் காய்ந்துகொண்டிருந்தான் லாயோஷ். அங்கே வேலை பார்க்கும் வெர்னா வெளியே வந்தாள். ஐம்பது வயசு, ஆலையில் எல்லோருக்கும் அவள் வெர்னாக்கா.

"வீட்டுல எப்படி இருக்கு?"

"நேத்து தலை சீவிக்கக் கையத் தூக்க முடியலக்கா. டாக்டர் நரம்புங்கறாரு."

வெர்னா அவன் உடுப்பைப் பார்த்தாள். மார்பிலும் தொடையிலும் வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

"இத யாரு தொவைக்கறது?"

"வேற யாரு? அவதான். சனிக்கிழம பின்வாசல்ல நின்னு நல்லா ஒதறிட்டுத்தான் தொட்டியில போடுவா."

வெர்னா இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, "உள்ள வா" என்றாள்.

சுவரோரம் ரப்பர் பூசிய பைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் தகரச் சீட்டு. வெர்னா ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். 'ஆராய்ச்சிக்கூட உடுப்பு. வெளியே கொண்டுசெல்லக் கூடாது. உதறக் கூடாது. நனைத்த பிறகே திறக்கவும்.'

"எப்பலேர்ந்து?"

"ஒன்றரை வருஷமா. ஆராய்ச்சிக்காரங்க கோட்டு மட்டும் இங்க வருது. எனக்கு முகமூடி குடுத்திருக்காங்க. உங்க உடுப்பும் வேற எங்கயோ இப்படித்தான் போகுதுன்னு நெனச்சிட்டிருந்தேன்யா. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

'உதறக் கூடாது' என்ற வார்த்தையை லாயோஷ் எழுத்துக் கூட்டி இரண்டாம் முறை படித்தான். பின்வாசல் வெயிலில் இல்கா உதறும்போது பறக்கும் வெள்ளைப் புகையும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மிச் சிரிப்பதும் கண்ணுக்குள் வந்து நின்றன.

ஹோல்ட் தன் அறையில் நுண்ணோக்கியில் குனிந்திருந்தான். லாயோஷ் கதவைத் தட்டவில்லை.

"ஒங்க கோட்ட யாரு சார் தொவைக்கறாங்க?"

ஹோல்ட் நிமிர்ந்தான். கேள்வி எதற்கென்று புரிந்துவிட்டது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"லாயோஷ், உக்காரு."

"நிக்கறேன். இந்தத் தூள் வெஷம்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சந்தேகம் இருந்துச்சு. நிச்சயமாத் தெரிஞ்சது போன வசந்தத்துலதான். வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுருக்கேன். சொன்னா வேலை போறதோட நிக்காது, உள்ள தள்ளிடுவாங்க."

"போன வசந்தத்துக்கு அப்புறம் எங்க வீட்டுல எத்தன தடவ சாப்பிட்டீங்க?"

ஹோல்ட் நுண்ணோக்கியை ஓரமாய்த் தள்ளினான். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"நான் சும்மா இருக்கல. எழுதி அனுப்பிருக்கேன். தலைமை ஆபீசுக்கு. பாரு."

தட்டச்சில் பதினொரு நோயாளிகள், ஆளுக்கு ஒரு வரி. பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். கடைசி வரியில் லாயோஷின் விரல் நின்றது. 'பதினொன்று. உலைத் தொழிலாளியின் மனைவி. வயது முப்பத்தெட்டு. கணவரின் உடுப்பைத் துவைப்பவர். ஜூனில் இருமல். அக்டோபரில் படியேறச் சிரமம். எடை குறைந்துவருகிறது.'

ஒவ்வொரு ஞாயிறும் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே ஹோல்ட் விசாரிப்பான்: "இப்ப மூச்சு எப்படி இருக்கு? படி ஏற முடியுதா?" இப்படி அக்கறையாகக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று அவன் போன பிறகு இல்கா சொல்லிச் சொல்லி மாய்வாள்.

"அவ ஒங்களுக்குச் சோறு போட்டா," என்றான் லாயோஷ். "நீங்க அவள அளந்து எழுதிக்கிட்டீங்க."

"அப்படிப் பாக்காத. இத வச்சு உங்களுக்கும் சலவைக்கூடம் வாங்கித் தரலாம்னுதான்…"

"எப்ப? பன்னெண்டாவது வரி எழுதின பெறகா?"

காகிதத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான் லாயோஷ். ஹோல்ட் பாதி எழுந்தான். தடுக்கவும் இல்லை, கொடுக்கிறேன் என்று சொல்லவும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

உலைமேடைக்குத் திரும்பும் வழியில்தான் மற்ற பத்து வரிகள் நினைவுக்கு வந்தன. பிரித்துப் பார்த்தான். ஏழாவது, ஆலைப் புகைபோக்கிக்கு எதிரே தெருமுனையில் குடியிருந்த ஒரு கிழவர். ஆலைக்குள் காலே வைக்காதவர். நாலாவது: 'தூள் அறையிலிருந்து உலைக்கு மாற்றப்பட்ட நீக்ரோ தொழிலாளியின் மனைவி. வயது இருபத்தொன்பது. ஏப்ரலில் மரணம்.'

லூசியஸின் மனைவி போன ஏப்ரலில்தான் இறந்தாள். நிமோனியா என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

மேடையோரத்தில் லாயோஷ் அந்த வரியை விரலால் காட்டினான். லூசியஸ் படித்தான். கையிலிருந்த சங்கிலியைக் கொக்கியில் மெதுவாக மாட்டினான், சத்தம் வராமல்.

"அவளுக்கு நெஞ்சுல தைலம் தேச்சுவிடுவேன்," என்றான். "வேலை முடிஞ்சு போனதும், இந்த உடுப்போடயே."

மறுநாள் மேனேஜர் ரட்லஜின் அறைக்கு லாயோஷும் லூசியஸும் சேர்ந்து ஆறு பேர் போனார்கள். லாயோஷ் கையிலிருந்து விடாமல் நீட்டிய காகிதத்தைப் பார்த்ததும் ரட்லஜ் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"எப்படி வந்துச்சுங்கறது கெடக்கட்டும் சார்," என்றான் லாயோஷ். "இதுல இருக்கறது பொய்யா?"

"இது தேச ரகசியம். வெளிய ஒரு வார்த்த போனா ஜெயில்."

லூசியஸ் தொப்பியைக் கையில் வைத்தபடி கேட்டான். "எம் பொண்டாட்டி செத்தது தேச ரகசியமா சார்?"

"அதுக்கு வருத்தப்படறேன். ஆனா ஆதாரம்னு ஒண்ணு வேணும். இது அரகுறை ஆராய்ச்சி."

"அரகுறை ஆராய்ச்சிக்கா அவங்க கோட்டுக்கு மட்டும் ரப்பர் பை வாங்கினீங்க?" என்றான் லாயோஷ்.

ரட்லஜ் மேஜைக்குத் திரும்பினார். பிறகு லாயோஷை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார். குரல் இறங்கியிருந்தது. கொலராடோ மலையில் ஆரோக்கிய நிலையம் இருக்கிறது. இல்காவை அங்கே அனுப்பிக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். ரயில் டிக்கெட் வரைக்கும் தயார். நோய்க்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்று லாயோஷ் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கான பத்திரத்தைக் கையில் திணித்தார்.

சாயங்காலம் அதை இல்காவின் மடியில் வைத்தான் லாயோஷ். எல்லாவற்றையும் சொன்னான். ஹோல்டின் பேரைச் சொன்னபோது மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போட்டுடவா?" என்றான். "அங்க நல்ல காத்து. நீ பொழைச்சா எனக்குப் போதும்."

அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள். "எனக்கும் பொழைக்க ஆசதான்யா. நேத்து எதுத்த வீட்டு மாரிஷ்கா வந்தா. வரும்போதே இருமிக்கிட்டு வந்தா. அவளும் புருஷன் ஆலை உடுப்பத் தொவைக்கறவதான். அவகிட்ட என்னன்னு சொல்லிட்டு நான் ரயிலேறுவேன்?"

"இல்கா."

"என்னத் தொடாம ஏன் தள்ளி நிக்கற? அந்த உடுப்பக் கழட்டி வெளிய போடு. போட்டுட்டு வா. அப்பறம் பேசலாம்."

அவன் வெளியே போய் உடுப்பைக் கழற்றினான். திரும்பி வந்தபோது பத்திரத்தை அவள் அடுப்புக்குள் போட்டிருந்தாள். லாயோஷ் அவள் காலடியில் உட்கார்ந்து, வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை.

ஞாயிறு காலை, ஹங்கேரியர் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்துக்கு முதல்முறையாகக் கறுப்புக் குடும்பங்கள் வந்தன. ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் இவர்கள் என்றுதான் உட்கார்ந்தார்கள். லாயோஷ் பதினொரு வரியையும் வாசித்தான். ஒவ்வொரு வரிக்கும் கூட்டத்திலிருந்து ஒரு பெயர் வந்தது. ஒன்பதாம் வரிக்கு ஒரு பெண் எழுந்து, "அது நான்தான்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் பக்கம் பார்த்து உட்காரவில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. கூட்டத்தில் பேசியபடி, காலை வேலைக்காரர்கள் நாற்பத்து மூன்று பேரும் வாசலுக்குப் போகாமல் சலவைக்கூடத்துக்குப் போனார்கள். வெர்னா கதவை அகலத் திறந்து, ரப்பர் பைகளை வரிசையாக விரித்து வைத்திருந்தாள்.

"உங்களுக்கு வேலை போயிடும்க்கா," என்றான் லாயோஷ்.

"பேசாம கழட்டுய்யா. ஒதறாத."

உடுப்புகள் பைக்குள் போயின. குழாயின் கொதிநீரில் தலையையும் கையையும் கழுவிக்கொண்டு, உள்ளாடையோடு வெளியே நடந்தார்கள். முழங்கால் வரை பனி. காவலாளி வாயைத் திறந்தான். நாற்பத்து மூன்று பேரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

வாசலுக்கு வெளியே பெண்கள் கையில் கம்பளிகளும் கோட்டுகளுமாய் நின்றார்கள். லூசியஸுக்குக் கொண்டுவர வீட்டில் யாரும் இல்லை. மாரிஷ்கா தன் புருஷனின் பழைய கோட்டை அவன் தோளில் போர்த்தி, பொத்தானையும் மாட்டிவிட்டாள்.

அடுத்த ஷிப்டுக்காரர்கள் அறுபது பேர் கையில் சாப்பாட்டு வாளியுடன் எதிரே வந்து நின்றுவிட்டார்கள். ரட்லஜ் தொப்பிகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"பத்து நிமிஷத்துல உள்ள வராதவன் நாளைக்கு வரவேண்டாம். உலை ஆறினா நஷ்டம் உங்க தலையிலதான்."

லூசியஸ் இரண்டடி முன்னால் வந்து, புதிதாக வந்தவர்களைப் பார்த்துச் சொன்னான். "நாங்க உள்ள போகாதீங்கன்னு சொல்ல வரல. போயிட்டு, இதே உடுப்போட வீட்டுக்குப் போவீங்களே, அங்க யாரு வந்து கதவத் தொறப்பாங்கன்னு மட்டும் ஒரு நிமிஷம் யோசிச்சிட்டுப் போங்க."

முன்வரிசையில் ஒருவன் வாளியைப் பனியில் வைத்தான். பக்கத்திலிருந்தவன் அவனைப் பார்த்தான், அவனும் வைத்தான். மூன்றாமவன் உள்ளே போகிறவன் மாதிரி ஒரு அடி எடுத்து, நின்று, திரும்பினான். பிறகு தகரம் பனியில் அமுங்கும் மொத்தென்ற சத்தம் வரிசை நெடுகக் கேட்டது. நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை.

ஆராய்ச்சிக்கூட மாடியில் ஒரு வெள்ளைக் கோட்டு ஜன்னலோரம் நின்றது. லாயோஷ் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். ஹோல்ட் இறங்கி வருவான் என்று மனசின் ஒரு மூலை இன்னும் எதிர்பார்த்தது. அவன் வரவில்லை. ரட்லஜ் போலீசுக்குப் போன் செய்ய உள்ளே போனார்.

லாயோஷ் வீட்டுக்கு வந்தபோது இல்கா ஜன்னலோர நாற்காலியில் விழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. போலீஸ் வந்து நிக்குது. யாரும் கலையல. வெர்னாக்கா வீட்டுலேர்ந்து பெரிய அண்டாவுல சூப்பு வந்துருக்கு. ஒரு எட்டு ஒன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் கிட்டே வந்தான். சுத்தமான கையால் அவள் நெற்றியைத் தொட்டான். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள்.

"போ," என்றாள். "அவங்க நிக்கறாங்க."