அணைக்காத கற்பூரம்

என் மகள் நாச்சம்மைக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. எல்லாரும் என்னைக் கொண்டு பிறந்தவள் என்பார்கள். வாய்தான் என்னுடையது. பிடிவாதம் அப்படியே அவளுடைய அப்பச்சி, என் வீட்டுக்காரர்.

பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான எஸ்.டி.பி.எம். முடிவு வந்த வாரம். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தோம். ரசம் ஊற்றும்போது ஆரம்பித்தாள்.

"ஆத்தா, நான் வெறும் அக்கவுண்டிங் படிக்கப் போறதில்ல. பக்கத்து டவுன் பி.ஜே.ல ஒரு காலேஜ்ல பிஸ்னஸும் கிரிமினல் லாவும் சேர்த்துப் படிக்கலாமாம். முடிச்சிட்டா, கம்பெனிக்குள்ள நடக்கிற திருட்டைக் கண்டுபிடிக்கிற வேலை. போலீஸும் பாதி, கணக்குப்பிள்ளையும் பாதி."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அது வேணாம்மா. அக்கவுண்டிங் படி. பேங்க்ல சேரு."

"ஏன் அப்பச்சி?"

"வேணாம்னா விடேன்."

பெரியகருப்பன் என்கிற என் வீட்டுக்காரர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் கோபமில்லை, பயம். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பளம் எடுக்கப் போனேன்.

எழுபத்தைந்தில் அவர் கிள்ளானில் காசிவிஸ்வநாதன் செட்டியாரின் துணிக்கடையில் வேலையில் இருந்தார். அந்த வருஷம் தீபாவளிக்கு வந்த பட்டுப்புடவை மூட்டைகள் ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. சாவி நான்கு பேர் கையில் புழங்கிய சாவி. போலீசுக்குப் போயிருக்கலாம். செட்டியார் போகவில்லை. "நம்ம கடைக்குள்ள போலீஸ் சப்பாத்துக் காலு நுழையக் கூடாது, மானம் போயிரும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை கடையிலிருந்த முருகன் படத்துக்கு முன்னால் நான்கு பேரையும் நிறுத்தி ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினார். எடுக்கவில்லை என்றால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். விசாரணை அவ்வளவுதான்.

முதல் ஆளாகக் கையை வைத்தவன் நாகையா. அடுத்து இரண்டு பேர். இவர் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

"நான் எடுக்கல முதலாளி. ஆனா கற்பூரத்தை அணைக்க மாட்டேன்" என்றாராம். ஏன் என்று ஒருத்தன் கேட்கவில்லை. அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் எந்தச் செட்டியார் கடையிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பந்திங்கில் ஒரு லோரி ஆபீசில் சீட்டு எழுதி, இங்கே வாடகைக்கு வந்து, ஏதோ காலத்தை ஓட்டினோம். நாகையா மறு வருஷமே செந்தூலில் சொந்தமாகத் துணிக்கடை போட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, கடை போட்டான் என்று மட்டும் சொல்கிறேன்.

அப்பளத்தோடு வந்தபோது நாச்சம்மை தட்டைத் தள்ளி வைத்திருந்தாள்.

"போன மாசம் செந்தூல் கல்யாணத்துல புஷ்பவல்லி ஆன்டி என்னைக் காட்டி என்ன சொன்னாங்க தெரியுமா? 'பட்டு மூட்டைய எடுத்துட்டுக் கற்பூரத்தை அணைக்க மாட்டேன்னானே, அவன் மக'ன்னாங்க. மைக்ல சொல்லாத குறைதான்லா."

புஷ்பவல்லி யார்? அந்த நாகையாவின் பெண்டாட்டி! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சரி. இவள் வாயையாவது ஒரு நாள் மூடாமல் விட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அதான் அப்பச்சி, ஒரே ஒரு கேள்வி கேக்கிறேன். நீங்க எடுக்கலேன்னா ஏன் சத்தியம் பண்ணல?"

எத்தனை வருஷம் கழித்து ஒரு ஆள் ஏன் என்று கேட்கிறது! பதில் சொல்ல வேண்டியதுதானே? மனுஷன் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்கிற பார்வை. பிறகு மகளிடம் திரும்பி, "நான்தாம்மா எடுத்தேன்" என்றார்.

நாச்சம்மையின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் அழவில்லை.

"எத்தனை மூட்டை?"

"நாலு... நாலு மூட்டை."

"யார்கிட்ட கொடுத்தீங்க?"

"பந்திங் பாசார்ல கடை வச்ச ஒருத்தன்கிட்ட."

"எதுல கொண்டு போனீங்க?"

"சைக்கிள்ல."

"நாலு மூட்டை பட்டு. சைக்கிள்ல. கிள்ளான்லேருந்து பந்திங்குக்கு, இருபது மைல்." அவள் குரல் உடைந்தது. "உங்களுக்குப் பொய்கூடச் சொல்ல வரல அப்பச்சி. யாரைக் காப்பாத்துறீங்க?"

என்னால் அடக்க முடியவில்லை. ஒன்றும் செய்யாத மனுஷன் என் கண் முன்னால் தன்னைத் திருடன் என்று சொல்லிக்கொள்வதா?

"உன்னைத்தான்டி!" என்று கத்தினேன். "அப்ப நீ என் வயித்துல இருந்தே. முன்னாடி ரெண்டு தங்காமப் போச்சு. வயித்துல உயிர் இருக்கையில புருஷன் எரியிற தீயைக் கையால அணைக்கக் கூடாதுன்னு உங்க அப்பத்தா சொல்லியிருந்தாங்க. மூணு மாசம் ஆகிற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாதுன்னும் சொன்னாங்க. அதனால வாயும் திறக்கல, கையும் வைக்கல. பெறகு சொன்னா கதை கட்டுறான்னு சிரிப்பாங்கன்னு விட்டுட்டாரு. போதுமா?"

போதாது என்பதுபோல அவள் நின்றாள். அவர் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் என்னிடம் வந்தார்.

"திருடன் மகள்னா நாலு நாள் அழுவா, மறந்திருவா. தன்னாலதான் அப்பன் இப்படி ஆனான்னு தெரிஞ்சா எப்படி மறப்பா? இத்தனை வருஷம் பொத்தி வச்சேனே தெய்வானை."

வாய் உள்ள எனக்கு அன்றைக்குத்தான் வாய் போய்விட்டது.

நாச்சம்மை அந்தப் படிப்பிலேயே சேர்ந்தாள். வேண்டாம் என்று அவரும் மறுபடி சொல்லவில்லை. சேருமுன் தனியாகக் கிள்ளானுக்கு பஸ் ஏறிப் போய் வந்தாள். செட்டியார் செத்து ஆறு வருஷமாம். கடை இருந்த இடத்தில் வீடியோ கடை. மகன்கள் காரைக்குடிக்கே போய்விட்டார்களாம். அப்பச்சி எடுக்கவில்லை என்று போய்ச் சொல்ல ஒரு ஆள் மிச்சமில்லை. வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே என் கண்ணு முன்னால ஒருத்தரையும் ஏன்னு கேக்காம அனுப்ப மாட்டேன் ஆத்தா" என்றாள். நல்ல வார்த்தைதான். ஆனாலும் அக்கவுண்டிங் படித்து, பேங்கில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டிய பிள்ளை.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மூன்று பேரும் கோயிலுக்குப் போகிறோம். தீபாராதனை முடிந்து தட்டு வரும். எல்லாரும் கற்பூரச் சுடரில் கையை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்வார்கள். நாச்சம்மை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை அதட்டிப் பார்த்தேன். "அப்பச்சி எனக்காகத் தொடாததை நான் எப்படி ஆத்தா தொடுறது?" என்றாள்.

அவர் தன் இரண்டு கையையும் சுடரில் காட்டி, அந்தச் சூடு ஆறுமுன் திரும்பி அவள் கண்களில் ஒற்றிவிடுவார். பிறகுதான் தனக்கு.