தானாக வந்தவர்

அந்த டிரைவர் தூக்கம் கெட்டுப்போய், பிரேக் தன்னோடு பேசுகிறது என்று நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திப் பயணிகளை இறக்கிவிட்டவர். அப்புறம் அவரே பயந்துபோய், அக்கா புருஷனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இந்த மனநல மருத்துவமனைக்கு வந்தார். சேருவதற்குக் கையெழுத்துப் போட்டதும் அவரேதான். இப்போது நன்றாகத் தூங்குகிறார். பிரேக்கின் பேச்சும் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகவேண்டும். அதை எப்படிக் கேட்பது என்பதுதான் பிடிபடவில்லை.

பணிவாகக் கேட்டால், "பாருங்க, மருந்து நல்லா கேக்குது. இன்னும் கொஞ்சம் இருங்க" என்றார் நர்ஸ். கோபமாகக் கேட்டால், "இன்னும் சரியாகலையே, கொஞ்சம் இருங்க" என்றார். கேட்காமலே இருந்தாலோ, இடம் பிடித்துப்போய்விட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. இவருக்கு மூன்றாவது பக்கமும் இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரருக்கு வார்டில் வக்கீல் என்று பட்டப்பெயர். "தானா வந்து சேந்தவங்க தானா போகலாம். சட்டத்துலயே இருக்கு" என்றார் காலையில். டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மத்தியானம் அதே வக்கீல், மின்விசிறி தன்னை வேவு பார்க்கிறது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அப்படியானால் சட்டமும் அந்தக் கணக்கில்தானா? டிரைவர் மின்விசிறியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நோயாளிகளின் குறைகளைக் கேட்க வெளியிலிருந்து ஒரு குழு வரும் நாள் அது. அக்கா புருஷன் முன்னாடியே வந்து காதில் ஓதினார்.

"மாப்ளே, வாயைத் திறக்காத. எதிர்த்துப் பேசினா முத்திடுச்சுன்னு எழுதிடுவாங்க. எது கேட்டாலும் தலையாட்டு, விட்டுருவாங்க."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார் மனுஷன். நல்லெண்ணத்தால் கெடுப்பவர்களைப் போலீசும் பிடிப்பதில்லை.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. டாக்டரையும் நர்ஸையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்.

"நீங்களா விரும்பித்தான் வந்தீங்களா?"

ஆட்டினார்.

"நல்லா பாத்துக்கறாங்களா?"

ஆட்டினார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்க சம்மதம்தானே?"

பூம்பூம் மாடு மாதிரி அதற்கும் ஆட்டிவிட்டார். அந்த அம்மா சம்மதம் என்று எழுதிக்கொண்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார். அப்போதுதான் டிரைவருக்கு உறைத்தது.

"ஐயோ, இல்லம்மா!"

சத்தம் கேட்டு வார்டு ஊழியர் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"கத்தலைங்க, பயத்துல குரல் உசந்துடுச்சு. அம்மா, நான் வீட்டுக்குப் போகணும்."

"இப்பத்தானே சம்மதம்னு தலையாட்டினீங்க?"

"ஆட்டினா விட்டுருவீங்கன்னு சொன்னாங்கம்மா."

"இதுல எதை நான் நம்புறது?" அந்த அம்மாவும் குழம்பித்தான் போனார்.

"எனக்கும் அதே குழப்பம்தாம்மா. தானா வந்தவன் தானா போகலாம்னு ஒருத்தர் சொன்னார். அது நிஜமா, இல்ல அதுவும் வியாதியா?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நிஜம்தான். டாக்டர் ஒருதரம் பாத்து, ஆபத்தில்லன்னு சொல்லிட்டா உங்களைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்ல. போறீங்களா?"

"போறேம்மா."

டாக்டர் வந்தார். ஏதேதோ கேட்டார். மாத்திரையை விடக்கூடாது என்று மிரட்டிவிட்டு, ஆபத்து ஒன்றுமில்லை என்று அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

"அப்ப கதவைத் திறங்க" என்றார் அந்த அம்மா.

நர்ஸ் சாவியை எடுத்தார். எடுத்தவர், வராந்தாவில் நின்ற அக்கா புருஷனைப் பார்த்து, "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். டாக்டரும் அவரையே பார்த்தார்.

"ஏன் அவரைப் பாக்கறீங்க? போறவர் இவர்!" அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

சொல்லிவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். டிரைவரும் அக்கா புருஷனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், அவர் சரி என்பாரா என்று.